ஸ்கைலைனுக்கு மாலை போட்ட கதை

போன ஞாயிறு என் நண்பன் ரமணனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் நான்தான். என்ன காரில் போனோம் தெரியுமா? நீளமான வெள்ளை லிமோசினா? போங்கப்பா… ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்32!

கார் பைத்தியம் இல்லாதவர்களுக்குச் சின்ன அறிமுகம். ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. வழக்கமாகப் பின்சக்கரம்தான் தள்ளும். அது வழுக்கத் தொடங்கினால் உடனே முன்சக்கரமும் கைகொடுக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பான் டூரிங் கார் பந்தயத்தில் இருபத்தொன்பது ரேஸ் — இருபத்தொன்பதிலும் வெற்றி. மற்றவனெல்லாம் என்ன செய்வான், பாவம்?

பாரிஸ் புறநகரான லா கூர்னெவில் கராஜ் வைத்திருக்கும் குமார் அண்ணையிடம் அந்த மிருகம் ஒன்று இருக்கிறது. ரமணனுக்காக அவரே ஓட்ட வந்தார். ரமணனின் அம்மா லாசப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மல்லிகையும் ரோஜாவுமாக வாங்கி, காரின் முன்பக்கம் முழுக்கக் கட்டிவிட்டார். அப்படி ஒரு வடிவு! யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

மண்டபம் பாரிஸுக்கு வெளியே, கார்ஜ் என்ற ஊரில். பாரிஸ் எல்லையைத் தாண்டுவதற்குள் டிராபிக். வண்டி நகரவில்லை… சூடு காட்டும் முள் மட்டும் ஏறியது. குமார் அண்ணை ஹீட்டரைப் போட்டார். கோடை வெயிலில்!

"அண்ணை, விசரே? அவிஞ்சு போறன்!" தலைப்பாகைக்கு அடியிலிருந்து ரமணன் கத்தினான்.

"பொறடா. இஞ்சின்ரை சூட்டை உள்ளுக்கை இழுக்கிறன். முன்னுக்கு முழுக்கப் பூ… காத்துப் போகேல்லை."

அட! ரேடியேட்டர், டர்போ காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் — எல்லாம் மூச்சு விடும் மூக்கை மாலை போட்டு மூடியிருக்கிறோம்!

"கழட்டுவமே அன்ரி?" என்று பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்த ரமணனின் அம்மாவைக் கேட்டேன்.

"கலியாணக் காரிலை பூவைப் பிய்க்கிறதோ? வாயைக் கழுவு!"

"அக்கா, இஞ்சின் போனா முகூர்த்தமும் போச்சு," என்று குமார் அண்ணை வண்டியை ஓரங்கட்டினார்.

அன்ரி முள்ளைப் பார்த்தார். மகனின் வியர்வையைப் பார்த்தார். அவ்வளவுதான்… பட்டுச்சேலையோடு ரோட்டில்! பிய்க்கவில்லை. முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, அத்தனை மாலையையும் பின்னால் இறக்கை மாதிரி நிற்கும் ஸ்பாய்லரில் கட்டினார். சுற்றிலும் ஹாரன் அலறல். யாருக்கு அக்கறை? கொஞ்சம் ஆறவிட்டு எடுத்தோம். காற்றுப் பட்டதும் முள் இறங்கியது. முகூர்த்தம் முடியும் முன் தாலி ஏறியது.

யாருக்கு நன்றி சொல்வது? அன்ரிக்கு. அண்ணைக்கு. அப்புறம்… அந்தக் காலத்து ரேஸ் விதிக்கு! பந்தயத்தில் ஓட வேண்டுமா, அதே காரை ஆயிரக்கணக்கில் செய்து ஊருக்கும் வில் என்றது அது. அந்த விதி இல்லாவிட்டால் இந்த மிருகம் ஏதோ மியூசியத்தில் தூங்கியிருக்கும். எங்கள் பையன் கல்யாணத்துக்கு வந்திருக்குமா?

சாப்பாட்டுக்குப் பிறகு அன்ரி காரோடு நின்று படம் எடுத்தார். ஸ்பாய்லரைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி குமார், உது என்னத்துக்கு?"

"வேகமாப் போகேக்கை காரை ரோட்டோடை அமத்திப் பிடிக்க, அக்கா."

அன்ரி திரும்பி, புதுப் பெண்டாட்டியின் கைப்பையைப் பிடித்தபடி நின்ற மகனைப் பார்த்தார்.

"நல்லது. இவனுக்கும் இண்டைக்கு ஒண்டு பூட்டியாச்சு."