எள் கொட்டி வைத்த கம்பெனி டப்பா

காக்களூரில் கம்பெனி வேலைக்குப் போகும் என் கணவர், அங்கே கெமிக்கல் வந்த காலி டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். மூடி இறுக்கமாக இருக்கிறதே என்று, சோப்பு போட்டுக் கழுவி அதில் எள் கொட்டி வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து எள்ளுப்பொடி அரைத்தேன். எனக்குச் சளி, வாடை தெரியவில்லை. சோற்றில் பிசைந்து வாயில் வைத்த கணவர் தட்டிலேயே துப்பினார்.

"இன்னாடி, எங்க கம்பெனி நாத்தம் அடிக்குது!"

நாக்கில் வைத்துப் பார்த்தேன். பெயின்ட்டை நக்கியதுபோல் குமட்டியது. எண்ணெய்ப் பசையுள்ள எள், அந்த நாற்றத்தையெல்லாம் இழுத்து வைத்திருந்தது. பள்ளிக்குக் கிளம்பிய மகளின் டிபன் பாக்ஸைப் பிடுங்கி, அதிலிருந்த எள்ளுப்பொடிச் சோற்றைக் கொட்டினேன்.

டப்பாவை எறியப் போனால், "நல்லாத்தானே கீது, குடு, அரிசி கொட்டிக்கிறேன்" என்று கை நீட்டினார் பக்கத்து வீட்டு அக்கா. ஆணியால் அடியில் ஓட்டை போட்டுவிட்டுத்தான் எறிந்தேன்.

இப்போது எந்தக் கம்பெனி டப்பா வந்தாலும் வாசலிலேயே ஓட்டைதான்.