கூண்டு வண்டியின் ஜன்னலை எந்த உயரத்தில் வெட்டுவது?

கண்டிக்கு ரயில் வந்த பிறகு டவுனில் துணிக்கடைகள் பெருகிவிட்டன. எங்கள் சின்னக் கடைக்கு ஆள் வருவது குறைந்தது. கோப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் தோட்டத்து மக்கள் கையில் காசு இருக்கும், ஆனால் டவுனுக்கு இறங்கிவர நேரம் இருக்காது. அதனால் நானும் என் மனைவி காமாட்சியும் கடையை வண்டிக்குள் ஏற்றிக்கொண்டு, ஐப்பசி மழை சற்று விட்டதும் ஹுன்னஸ்கிரிய வரை போய்வந்தோம். குடும்பத்தோடு வண்டியிலேயே தங்கி, அந்த வழியில் வியாபாரத்துக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டியைச் சொல்கிறேன். ஓலைக் கூண்டு மலை மழைக்குத் தாங்காது. அம்பிட்டியவில் தச்சுவேலை செய்யும் ஒரு பாஸிடம் சொல்லிப் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகச் செய்வித்தோம். உள்ளே நீளம் ஏழு அடி, அகலம் நாலரை அடி. இரண்டு பக்கச் சுவரிலும் துணிப்பெட்டிகளை ஆணி அடித்துப் பொருத்தினால், நடுவில் ஒரு ஆள் படுக்கும் இடம் மிஞ்சும்; மற்றவர் வண்டிக்கடியில் படுக்க வேண்டியதுதான். நான் பெரிதாக ஒரு ஜன்னல் வேண்டும் என்றேன். காமாட்சி ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் இருவரில் வியாபாரம் தெரிந்தவள் அவள்தான். ஜன்னலைக் கீழே வெட்டினால் அந்தப் பக்கத்துப் பெட்டியே போய்விடும், காற்று வாங்குவதற்கா இவ்வளவு தூரம் போகிறோம் என்று கேட்டாள். முடிவில், இடதுபக்கப் பெட்டிக்கு மேலே ஒரு முழச் சதுரத்தில் ஜன்னல் வைத்தோம். கதவு மேலே கீல் போட்டு வெளிப்பக்கமாகத் தூக்குவது. தூறலிலும் கொஞ்சம் திறந்து வைக்கலாம். உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேராகக் காற்று வரும். இருவருக்கும் திருப்தி.

கண்டியிலிருந்து திகன ஏறக்குறைய பத்து மைல். விடியலில் புறப்பட்டோம். மகாவலி கங்கைத் துறையில் வண்டியை மாட்டோடு தெப்பத்தில் ஏற்றிக் கடத்துகிறார்கள். நான்கைந்து வண்டிகள் முன்னால் நின்றால் காலைப்பொழுது அங்கேயே போய்விடும். மாலையில் திகன சேர்ந்து, காதர் நானாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் தங்கினோம். மாட்டுக்குத் தண்ணீரும் வைக்கோலும் அங்கேயே கிடைக்கும். மறுநாள் முழுக்க ஏற்றம்தான். கோப்பி மூட்டையோடு இறங்கும் வண்டிகளுக்கு வழிவிட்டுப் பாறையோரம் ஒதுங்க வேண்டும். அப்போதெல்லாம் ஜன்னல் கதவை மூடாவிட்டால் பாறையில் இடித்து உடையும். இருட்டும் முன் ஹுன்னஸ்கிரிய போய்ச் சேர்ந்தோம்.

வியாபாரம் மோசமில்லை. தோட்டத்து மக்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் காமாட்சி சேலைகளை விரித்தால் பெண்கள் கூடிவிடுவார்கள். இரண்டு நாளில் சரக்கில் பாதி போனது. இறங்கலாம் என்று மாட்டைப் பூட்டும்போது தோட்டத்தில் வேலை செய்யும் முத்தன் என்பவர் வந்தார். அவருடைய மனைவி பேச்சி ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடக்கிறாள், நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்துத் துரை அனுமதி கொடுத்துவிட்டார் என்றார். முதுகில் சுமந்து போகத்தான் இருந்தாராம். நாங்கள் பேச்சியைப் பெட்டிகளுக்கு நடுவே படுக்க வைத்தோம். காமாட்சி பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். முத்தன் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஆனாலும் பாதி இறக்கத்திலேயே பேச்சி தவிக்கத் தொடங்கினாள். "கீழ காத்தே வரலைங்கம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நிமிர்த்தி உட்கார வைத்தால் இருமல் பிடுங்கியது. திகன சேர்ந்ததும் அவளை வெளியே தூக்கிக் காதர் நானாவின் கடை வாசலில் கிடத்தினோம். நான் மாட்டை அவிழ்த்துவிட்டு வந்து பார்த்தபோது காமாட்சி வண்டிக்குள், பேச்சி கிடந்த அதே இடத்தில், கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பிறகு எழுந்து வந்தாள்.

"இங்க படுத்தா ஜன்னல் இருக்கிறதே தெரியலைங்க. அந்தப் பெட்டியக் கழட்டிருங்க."

சரக்கை எங்கே வைப்பது என்று கேட்டேன். காதர் நானாதான் சொன்னார்: "பெட்டி எங்கட கடையில இரிக்கட்டும். நான் வாள் கொண்டு வாறேன்."

ஆணிகளை நெம்பிப் பெட்டியை இறக்கினோம். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, இரண்டு சாண் உயரமும் நாலு முழ நீளமுமாகச் சுவர்ப் பலகையை அறுத்தோம். புதுப் பலகை. கொடுத்த காசை எண்ணிக்கொண்டேதான் அறுத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். காமாட்சி ஒரு சாக்குத்துணியை நாலாக மடித்து, மழை வந்தால் இறக்கிவிடும்படி திறப்பின் மேல்விளிம்பில் ஆணியால் அடித்தாள். அன்றிரவு பேச்சி கொஞ்சம் தூங்கினாள் என்று முத்தன் சொன்னார்.

மறுநாள் தெப்பத்துக்காகக் காத்திருந்தபோது அவள் கண் திறந்தாள். தலையைத் திருப்பினால் நேராக ஆறு தெரிந்தது.

"கங்கையாம்மா அது?"

"ஆமா. கடந்துட்டா கண்டி கிட்டத்தான்."

"ஊர்லருந்து வரயில இதத் தாண்டித்தான் வந்தோம். அப்ப என் புள்ள இடுப்புல இருந்தான்."

தெப்பம் அக்கரை சேரும்வரை பேச்சி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முத்தன் வெளியே அந்தத் திறப்பின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றார். அவள் தன் விரல்களை அவர் விரல்மேல் வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் கவனித்தார்கள். ஆனாலும் மூன்றாம் நாள் காலையில் இறந்துவிட்டாள். அடக்கம் முடிந்ததும், டவுனிலேயே வேலை பார்த்துத் தருகிறேன், இருந்துவிடுங்கள் என்று முத்தனிடம் சொன்னேன்.

"புள்ளைய மேல தோட்டத்துலதாங்கய்யா பொதைச்சிருக்கு" என்றார். "ரெண்டு பேரையும் விட்டுட்டு எங்க இருக்க முடியும்? ஒருத்தர் பக்கத்துலயாச்சும் இருக்கணும்ல."

திகன வரை வண்டியில் கூட்டிப்போனோம். அங்கிருந்து மேலே நடந்து போனார்.

பெட்டியை எடுத்துவரத்தான் திகன போனோம். காமாட்சி அதைத் திறந்து துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டாள். பெட்டியைக் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். கண்டிக்கு வந்ததும் அந்த அறுத்த இடத்தில் பாஸ் முறையான கதவு வைத்துக் கொடுத்தார்.

இனி வண்டி செய்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உயரத்தில் இருக்கும் ஜன்னல் பெட்டியைக் காப்பாற்றும், உட்கார்ந்திருப்பவருக்கும் போதும். ஆனால் இந்த மலைப்பாதையில் யாராவது ஒருவர் என்றைக்காவது படுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கும். அவருக்கு ஜன்னல் தரையோரம் இருக்க வேண்டும். கதவு பக்கவாட்டில் நகர்வதாக இருந்தால் பாறையில் இடிக்காது. அந்தப் பக்கம் பெட்டி வைக்க முடியாது. கூரைக்குக் கீழே கயிற்று வலை கட்டி லேசான துணிகளை அதில் போடலாம். அப்படியும் சரக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். அதைத் தெரிந்தே செய்யுங்கள்.

ஒரு நடைக்கு ஏற்றும் சரக்கு குறைந்ததால் எங்களுக்கு இந்தப் பருவத்தில் ஒரு பயணம் கூடுதலாகிவிட்டது. பேச்சிக்குப் பிறகு, இறங்கும்போது இதுவரை இரண்டு பேர் அந்த இடத்தில் படுத்து வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் குணமாகி, எங்கள் வண்டியிலேயே மேலே திரும்பினாள். காமாட்சி அவளிடம் வண்டிக்கூலி வாங்கவில்லை. ஹுன்னஸ்கிரிய வருவதற்குள் ஒரு சேலையை மட்டும் அவளுக்கு விற்றுவிட்டாள்.