மூன்றாவது எஞ்சின்

வெர்லின் ஆஸ்ட்ராண்டர் முதலில் விமானத்தைத் தேர்ந்தெடுத்தார். அதை ஏற்றிச் செல்லும் காரைப் பிறகுதான் தேடினார். ஒஹையோவில் மாதிரி விமானம் பறக்கவிடுகிற எங்களில் பலரும் இதே தவற்றைச் செய்திருக்கிறோம். குளிர்காலம் முழுவதும் கீழறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு விமானத்தைக் கட்டி முடித்துவிடுவோம். வசந்தம் வந்த பிறகுதான், வாசலில் நிற்கும் வண்டிக்குள் அது நுழையாது என்பது கண்ணில் படும்.

ஆனால் வெர்லின் எதையும் அளக்காமல் செய்கிறவர் அல்லர். ஊர் முழுவதும் வீடு வீடாகச் சென்று தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி லைலும் அப்படியே இருந்ததால் இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். ஒரே விமானத்தை மாறி மாறிப் பறக்கவிட்டார்கள். அறுபது வயதுக்கு மேல் லைல் ஒரு பெண்ணை விரும்பி மணந்துகொண்டு அரிசோனாவுக்குப் போய்விட்டான். அதில் வெர்லினுக்கு வருத்தம் இருந்ததாக எங்களில் யாரும் கேட்டதில்லை. அந்த ஆண்டு அவர் நாங்கள் விமானம் விடும் களத்துக்கு அதிகம் வரவில்லை, அவ்வளவுதான்.

மறு ஆண்டு அவருக்கு இரட்டை எஞ்சின் விமானத்தின்மேல் ஆசை வந்தது. இரண்டு மாதிரிகளை மேசைமேல் விரித்துவைத்து யோசித்தார். ஒன்று போர்க்கால விமானம். அதன் இறக்கையும் உடலும் இரண்டிரண்டாகப் பிரியும். எந்தக் காரிலும் அடங்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் களத்தில் அதை இணைக்கும்போது ஒருவர் இறக்கையைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் எஞ்சின்களின் கம்பிகளைக் கோக்க வேண்டும். மற்றது வெள்ளி நிறப் பயணி விமானம். ஏழடி உடல், பிரியாது. இறக்கையின் நடுப்பகுதி இரு எஞ்சின்களோடும் ஒரே துண்டு. அதன்மேல் உடலை வைத்து இரண்டு திருகாணிகளை முடுக்கிவிட்டு, ஓரத் துண்டுகளைச் செருகினால் போதும். வேலை ஓர் ஆளோடு முடிந்துவிடும்.

அவர் பயணி விமானத்தைத் தேர்ந்தெடுத்தார்.

மார்ச் மாதத்தில், விமானத்தின் உருவத்தை அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு பழைய கார் விற்கும் ஓரிடத்துக்குப் போனார். அங்கே விற்பனை பார்த்த ட்ரூடி ஹெல்ஸல் என்ற பெண்மணிக்கு எங்கள் கூட்டத்தைத் தெரியும்.

"அட்டையோட ஒருத்தர் வர்றாருன்னா விமானக்காரர்தான். போன வருசம் ஒருத்தர் பொண்டாட்டிய நிக்கவச்சு அளந்தாரு, இறக்கையும் அவங்களும் ஒரே உயரமாம்," என்று சொல்லிக்கொண்டே அவள் சாவிகளை எடுத்தாள்.

இரண்டு வண்டிகள் தேறின. ஒன்று ஏழு இருக்கை வேன். பின் இருக்கைகளைக் கழற்றினால் விமானம் தாராளமாகப் படுத்துக்கொள்ளும். முன்னால் இருவர் உட்காரலாம். மற்றது பச்சை நிற நீளக் கார். அதில் பின் இருக்கையை மட்டுமன்றி ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையையும் முழுவதுமாக மடித்துச் சாய்த்தால்தான் அட்டை நுழைந்தது. மூக்கு சரியாகப் பக்கத்து இருக்கைக்கு மேல் வந்து நின்றது.

"வேனை எடுத்துக்கங்க சார். இது எதுக்கு, சாக்குல பூனைய அடைக்கிற மாதிரி?"

"இதுல பொருந்துதே."

"பொருந்துது. பக்கத்துல யாரு உக்காருவாங்க?"

"யாருமில்ல."

 வேனை வெர்லின் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருந்தார். பின்னோக்குக் கண்ணாடியில் வரிசையாகக் காலி இருக்கைகள் தெரிந்தன. சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரன் எட்டிப் பார்த்ததாகவும் அவருக்குத் தோன்றியது. பச்சைக் காரில் அப்படியில்லை. பக்கத்து இடத்தை விமானம் நிரப்பிவிடும். அங்கே ஆள் இல்லை என்பது யாருக்கும் தெரியாது. பச்சைக் காரை எடுத்துக்கொண்டார்.

ஏப்ரலில் முதல் வெயில் அடித்த சனிக்கிழமையன்று அவர் களத்துக்கு வந்தார். நினைத்தபடியே ஒற்றை ஆளாக விமானத்தை இறக்கினார், பூட்டினார். வெள்ளி உடல் புல்மேல் பளபளத்தது. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். பாதுகாப்புப் பொறுப்பாளர் ஹோமர் ஷ்விண்ட் மடக்கு நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுத்தார்.

"அழகாத்தான் இருக்கு. மூணாவது எஞ்சின் எங்கப்பா?"

சிரிப்பு எழுந்தது. இரட்டை எஞ்சின் விமானத்தை முடுக்கும்போது வாலைப் பிடித்துக்கொள்ளும் ஆளுக்கு எங்கள் களத்தில் அதுதான் பெயர். ஓர் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதன் விசிறியைச் சுழற்ற வேண்டும். பிடிக்க ஆள் இல்லையென்றால் விமானம் ஒரு பக்கமாகத் திரும்பிக் கையைக் கிழித்துவிடும். முன்பு ஒருவருக்கு விரல் போயிருக்கிறது. அதனால் இரட்டையைக் கொண்டுவருகிறவர் தனக்கென்று ஓர் ஆளையும் கொண்டுவர வேண்டும் என்பது விதி. அதுவும் எப்போதும் ஒரே ஆள். இருவரும் தரையில் சேர்ந்து பழகியிருக்க வேண்டும்.

விதி வெர்லினுக்குத் தெரியாததில்லை. அதை எழுதியபோது கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர். லைல் இருந்தவரை அதைப்பற்றி நினைக்க வேண்டியிருக்கவில்லை. அவன் போன பிறகு நினைக்க மறந்துபோனார்.

"கயிறு போட்டு முளையில கட்டிடுறேன்," என்றார்.

"மாடா கட்டுறதுக்கு? முடியாது."

வெர்லின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார். யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பது அவருக்கு வராது. மீட்டர் பார்த்த நாளெல்லாம் ஒரு வீட்டிலும் குடிக்கத் தண்ணீர் கேட்காதவர். ஹோமர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மெல்ல அருகில் வந்தார்.

"நான் பிடிக்கிறேன்."

"உனக்குக் கண்ணு..."

"தூரத்துல இருக்குற பலகை தெரியலன்னு லைசன்ஸ பிடுங்கிட்டானுங்க. வாலு என்ன தூரத்துலயா இருக்கு? கை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு. இவ்வளவு நாளும் மகதான் கொண்டுவந்து விட்டா. அவளுக்கு அடுத்த வாரத்துலேருந்து சனிக்கிழமையும் வேல. நீதான் கூட்டிட்டு வரணும். என் வீடு உன் வழியிலதான?"

வெர்லின் திரும்பிப் பச்சைக் காரைப் பார்த்தார். மடித்துச் சாய்த்த இருக்கையின்மேல் விமானத்தின் மூக்குக்காக அவரே தைத்த மெத்தை கிடந்தது.

"பாக்குறேன்," என்றார்.

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? வர முடியும்னா வா, இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. அஞ்சு நாளும் அந்த வீட்டுச் சுவரைத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

அன்று மாலையும் மறுநாள் காலையும் வெர்லின் காரோடு மல்லுக்கட்டினார். உடலைக் குறுக்காகச் சாய்த்துப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பினார், கூரைமேல் கட்டலாமா என்று ஏணி போட்டு அளந்தார். எப்படி வைத்தாலும் ஒரு விமானமும் ஓர் ஓட்டுநரும்தான். மூன்றாவதாக ஒன்றுக்கு இடமில்லை. ஞாயிறு மதியம் வழக்கம்போல் லைல் தொலைபேசியில் அழைத்தான்.

"பறந்துச்சா?"

"இல்ல." நடந்ததைச் சொன்னார்.

"அண்ணே, ஆள் உக்கார எடமில்லாத வண்டிய எவன் வாங்குவான்?"

"விமானம் பொருந்துச்சு."

"நீ பொம்மைய அளந்த. மனுசன அளந்தியா?"

"அளக்குறதுக்குப் பக்கத்துல யாரு இருந்தா?"

 லைலின் பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அந்த வேனுக்கே மாத்திக்கயேன்," என்றான் கடைசியில்.

"ஏழு சீட்டுடா அதுல."

"இருந்தா என்ன?"

வெர்லின் பேச்சை மாற்றினார். அங்கே வெயில் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

செவ்வாயன்று அவர் ட்ரூடி முன்னால் நின்றார். இந்த முறை கையில் அட்டை இல்லை. முன்பு பார்த்த வேன் விற்றுப்போயிருந்தது. வேறொன்று இருந்தது, செங்காவி நிறத்தில். அதன் பின்கண்ணாடியில் யாரோ ஒரு குடும்பத்தின் கோட்டுருவ ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன: அப்பா, அம்மா, உயரவாரியாக மூன்று பிள்ளைகள், கடைசியில் ஒரு நாய்.

"சுரண்டிக் குடுத்துடறேன் சார்," என்றாள் ட்ரூடி.

"வேணாம். நானே பாத்துக்குறேன்." சற்றுத் தயங்கி, "பக்கத்துல ஒருத்தர் உக்காருவாரு. கால் நீளம் அவருக்கு. இருக்கை பின்னால போகுமான்னு காட்டுங்க," என்றார்.

அவள் காட்டினாள். போயிற்று.

சனிக்கிழமை காலை ஹோமர், வெர்லின் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு முன்பே தெருவில் நின்றுகொண்டிருந்தார், கக்கத்தில் நாற்காலியோடும் கையில் உப்பு பிஸ்கட் பொட்டலத்தோடும். வண்டியின் பின்கண்ணாடிக்கு அருகே முகத்தை வைத்துப் பார்த்தார்.

"நாய் வளக்குறியா?"

"இல்ல. சுரண்டினப்போ மத்தவங்க எல்லாரும் உரிஞ்சு வந்துட்டாங்க. அது மட்டும் வரல."

ஹோமர் ஏறி உட்கார்ந்தார். வாழ்நாள் முழுவதும் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், வாய் ஓயவில்லை.

"ஏழு சீட்டு வண்டியா இது? எனக்கெல்லாம் பின்னாடி நாப்பது பிள்ளைங்க கத்தலேன்னா வண்டி ஓடுற மாதிரியே இருக்காது. வளைவுல இவ்வளவு மெதுவாவா போவ? பின்னாடி வர்றவன் திட்டுறான் பாரு."

"விமானம் இருக்கு."

"நானும் இருக்கேன். எனக்கு வயித்தக் கலக்கல, ஓட்டு."

வெர்லினுக்கு இத்தனை பேச்சு பழக்கமில்லை. பதிலை யோசித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். வேண்டிய திருப்பத்தைத் தவறவிட்டு, ஒரு பண்ணை வாசலில் வண்டியைத் திருப்ப வேண்டியதாயிற்று.

களத்தில் காற்றின் போக்கைக் காட்டும் துணிக்குழாய் கம்பத்துக்குக் குறுக்காக விறைத்து நின்றது. மற்றவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட காற்றில் இரட்டையை யாரும் எடுக்கமாட்டார்கள். வெர்லின் இறங்கவே இல்லை. இவ்வளவு தூரம் ஒரு மனிதரை வீணாக அழைத்துவந்துவிட்டோமே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"வீட்டுல விட்டுடவா?"

"எதுக்கு? அடங்குதான்னு பாப்போம். நான் அவசரமா எங்க போகணும்?"

இருவரும் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். காற்று அடங்கவில்லை. நண்பகலுக்குப் பிறகு, விமானத்தின் உடலை வெளியே எடுக்காமலே, இறக்கையின் நடுப்பகுதியை மட்டும் புல்லில் வைத்து, எந்த எஞ்சினை முதலில் முடுக்குவது, எப்போது கையை விடுவது என்று வெறுமனே ஒத்திகை பார்த்தார்கள். ஹோமர் வால் இருக்க வேண்டிய இடத்தில் குந்தி, இல்லாத வாலைப் பிடித்துக்கொண்டார். வெர்லின் இடப்பக்கம் என்று சொல்லிவிட்டு வலப்பக்க விசிறியைத் தொட்டார்.

"அது வலதுப்பா! கண்ணு எனக்கா போச்சு, உனக்கா?"

வெர்லின் சிரித்துவிட்டார். பிறகு முதலிலிருந்து தொடங்கினார்கள்.

திரும்பி வந்து தன் வாசலில் இறங்கிய ஹோமர், கதவைச் சாத்தாமல் நின்றார்.

"அடுத்த சனி காத்து எப்படி இருக்குமாம்?"

"தெரியல. வெள்ளிக்கிழமைதான் சொல்வாங்க."

"அவங்க என்ன சொன்னாலும் நீ வா."

"சரி," என்றார் வெர்லின்.

ஹோமர் கதவை அறைந்து சாத்தினார்.