பந்து கொடுத்தவனுக்கு ஒரு கைதட்டு

எதிரணிக் கோல்கீப்பர் கீழே விழுந்து கிடந்தார். முன்னால் வெறும் வலை. பந்தை வானத்துக்கு அனுப்பிவிட்டு, எங்கள் முன்வரிசை ஆட்டக்காரர் திரும்பி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, அந்தப் பந்தை மைதானத்தின் விளிம்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவனைப் பார்த்து, நிதானமாக.

"கைதட்டத்தான் உனக்குச் சம்பளமாய்யா?" என்று கேலரியிலிருந்து ஒருவர் கத்தினார்.

அவரை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். அந்தக் கால்பந்து கிளப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு நடந்த முதல் ஆட்டம் அது. ஆட்டங்களின் வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டிக் கோச்சுக்குக் கொடுப்பது என் வேலை. கேலரிக்கு அடியில் என் அறை. மேலே படிகள் இறங்குவதால் பாதி அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. கோல் விழுந்தால் திரையில் தெரிவதற்கு முன்பே கூரை அதிர்ந்து சொல்லிவிடும். வேலை கிடைத்த செய்தியை ஊருக்குப் போன் போட்டுச் சொன்னபோது அப்பா கேட்டார்: "பந்தாடறதப் பாக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க? இதுக்கா இவ்வளவு படிச்ச?" இதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது, அதில் நான் வகுப்பில் முதலாவது என்றேன். "சரி, பாக்கும்போது தூங்கிடாத" என்றார்.

அந்தக் கைதட்டுக்காரருக்கு ரசிகர்கள் வைத்திருந்த பெயர் மழை. பெய்தால் பேய்மழை, இல்லாவிட்டால் மாதக்கணக்கில் வறட்சி. ஒரு பெரியவர் எந்த வெயிலிலும் குடையோடு வருவார். இவர் கோல் போட்டால் எழுந்து நின்று விரிப்பார். பெரும்பாலான சனிக்கிழமைகளில் அந்தக் குடை மடித்தபடியே வீட்டுக்குத் திரும்பியது.

பதினெட்டு வயதில் ஒரு கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மாற்று ஆளாக இறங்கி இரண்டு கோல் போட்டவர். நாடே திரும்பிப் பார்த்தது. பெரிய கிளப் ஒன்று அள்ளிக்கொண்டு போனது. அங்கே முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல். அதன் பிறகு மழைக்காலம் முடிந்து பனிக்காலமும் முடிகிற வரை ஒன்றுமில்லை. அங்கிருந்து இன்னொரு கிளப், அப்புறம் இன்னொன்று. எல்லா இடத்திலும் மேளதாளத்தோடு வரவேற்றார்கள், எல்லா இடத்திலும் பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். இரண்டாவது முறை ரயிலைத் தவறவிட்டார்.

"செவ்வாய்க்கிழமை பயிற்சில பாத்தா இவனை மாதிரி ஆள் உலகத்துலயே கிடையாது" என்பார் எங்கள் கோச். "சனிக்கிழமை அந்த ஆளை எங்க வெச்சிட்டு வர்றான்னுதான் தெரியல."

காரணம் மழைக்கே தெரியும். பந்து எதிர்பாராமல் வந்தால் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. முதுகுக்குப் பின்னால் வருவதை, முழங்காலில் பட்டுத் தெறிப்பதை, மூன்று பேர் கால்களுக்கு நடுவே உருள்வதை எல்லாம் வலைக்குள் தள்ளிவிடுவார். நிறுத்தி, பார்த்து, அடிக்க அவகாசம் கிடைத்தால் போச்சு.

"திடீர்னு வந்தா காலு பாத்துக்கும், பட்டதாரி. நேரம் கெடைச்சா தலை உள்ள வந்துடும். தலை வந்தா நான் காலி."

என்னை அவர் பட்டதாரி என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் "டேய் கம்ப்யூட்டர்" என்பார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். சுவரில் சாய்ந்து பூட்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"யாரு படிக்க வெச்சா?"

"அக்கா. தையல் ஃபாக்டரிக்குப் போய்."

"போனைப் போடு."

போட்டேன். எதிர்முனையில் தையல் மெஷின்களின் இரைச்சல். "அக்கா, உங்க தம்பி இங்க நல்லா வேலை பாக்கறான்" என்று கத்தினார்.

"நீங்க யாருங்க?"

"இங்க கோல் போட வேண்டியவன்க்கா. போடறதில்ல, அது வேற கதை."

பிறகு போனை மேசைமேல் வைத்து, அதைப் பார்த்துத் தலைக்கு மேலே கைதட்டினார். அக்கா இன்றைக்கும் கேட்கிறாள்: "அந்தக் கைதட்டற சார் நல்லா இருக்காராடா?"

அந்தக் கைதட்டலைப் பற்றி நானும் கேட்டிருக்கிறேன். கோலைத் தவறவிட்ட ஆள் தலையில் கைவைத்துக்கொள்வதுதானே வழக்கம்?

"அடிக்காம விட்டது என் தப்பு. அவன் குடுத்தது நல்ல பந்துதான? நான் தலைல கைய வெச்சா அவன் தலையும் தொங்கிடும். அப்புறம் அடுத்த பந்து எங்கேர்ந்து வரும்? பசிக்கிறவன் பரிமாறறவனைத் திட்டலாமா, சொல்லு."

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மைதானத்துப் பக்கம் வரவே மாட்டார். "காலைலேர்ந்து ஊர் ரத்தத்தை எல்லாம் பாக்கறேன், ஒரு பயமும் இல்ல. இவர் பெனால்டி அடிக்கறதைத்தான் பாக்க முடியாது" என்பார். "வீட்டுல அழுக்குத் துணியைக் கூடைக்குள்ள போடச் சொன்னா, அதுவே வெளிலதான் விழும். இதுல கோலாம்."

போன பருவத்தின் கடைசியில் விஷயம் கழுத்துக்கு வந்தது. முன்வரிசையில் இரண்டு பேருக்கு ஒப்பந்தம் முடிகிறது. ஒருவர் இவர், வயது முப்பத்திரண்டு, இங்கே விட்டால் முதல் பிரிவில் இன்னொரு கிளப் கிடைப்பது சந்தேகம். இன்னொருவன், ஒல்லி என்று எல்லோரும் கூப்பிடும் பையன். வலது விளிம்பில் ஓடிப் பந்து கொடுப்பவன், இருபத்தொரு வயது, பேச்சு குறைவு. வீட்டில் அவன் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம். ஒல்லி போட்ட கோலும் இல்லை, அவன் கொடுத்து மற்றவர்கள் போட்ட கோலும் இல்லை. அதனால் அவனை அனுப்பிவிடுவது என்று அநேகமாக முடிவாகியிருந்தது. மழையை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க, பருவம் முழுக்க அவருக்குக் கிடைத்த வாய்ப்புகளைத் தொகுத்துத் தரச் சொன்னார் கோச். "நல்லது கெட்டது ரெண்டையும் போடு. திங்கக்கிழமை கமிட்டிக்குக் காட்டணும்."

நான் வெட்டிக்கொண்டிருந்தபோது மழையே உள்ளே வந்தார். சரிவுக் கூரையில் வழக்கம்போல் தலையை இடித்துக்கொண்டார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் முகவாயை வைத்து உட்கார்ந்தார்.

"ஓட்டு, பாப்போம்."

ஓட்டினேன். கோல்களுக்குத் தலையாட்டினார். அவை சீக்கிரம் முடிந்துவிட்டன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தவறுகள். கம்பத்துக்கு வெளியே ஒன்று, கேலரிக்கு ஒன்று, கோல்கீப்பரின் கைக்கே நேராக ஒன்று. "ஐயையோ... இதை எங்க அம்மா அடிச்சிருக்கும்" என்று சிரித்தார். இன்னும் சில ஓடின. சிரிப்பு நின்றது.

"நிறுத்து. இது எங்கேர்ந்து ஆரம்பிக்குது?"

"உங்க கால்ல பந்து வர்றதுலேர்ந்துண்ணே. எப்பவும் அப்படித்தான் வெட்டுவோம்."

"கொஞ்சம் முன்னாடி போ."

போனேன். திரையின் ஓரத்தில் ஒல்லி மூன்று பேரைத் தாண்டி ஓடிவந்து, கோட்டைத் தாண்ட இருந்த பந்தைச் சறுக்கி மீட்டு, இவர் காலடியில் வைத்தான்.

"அடுத்தது. அதுக்கும் முன்னாடி."

அதிலும் ஒல்லி. அதற்கடுத்ததிலும் அவனே. ஏறக்குறைய எல்லாவற்றிலும். கொடுத்த பந்து கோலாக மாறினால்தான் கொடுத்தவன் பெயரில் ஏறும். இவர் தவறவிட்டதெல்லாம் அவன் பெயரிலும் பூஜ்யமாகவே விழுந்திருந்தது.

அவர் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துக்கொண்டார். மேலே யாரோ கேலரியைப் பெருக்கும் சத்தம் கேட்டது.

"எல்லாத்தையும் முன்னாடிலேர்ந்து வெட்டு, பட்டதாரி."

"அண்ணே, அப்படி வெட்டினா நீங்க இன்னும் மோசமாத் தெரிவீங்க. இவ்வளவு நல்ல பந்தையா விட்டாருன்னுதான் பாப்பாங்க."

"பாக்கட்டும்."

"உங்க ஒப்பந்தம்ணே. வேணும்னா அவனுக்குத் தனியா ஒண்ணு வெட்டித் தர்றேன்."

"அவனைப் பாக்கறதுக்கு எவன் உக்காருவான்? என்னைப் பாக்கத்தான் உக்காருவாங்க. அதுக்குள்ள அவனை வை." எழுந்தவர் மறுபடியும் தலையை இடித்துக்கொண்டார். "அவன்கிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா அடுத்த வருஷமும் தலையத் தூக்கி என்னையே தேடுவான். நான் இருக்க மாட்டேன், பந்து வீணாப் போகும்."

கோச்சிடம் போய், இப்படி வெட்டச் சொன்னது நான்தான் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை கமிட்டி பார்த்தது. பாதியிலேயே கோச், "இந்தப் பையனையா அனுப்பப் பாத்தோம்?" என்று கேட்டாராம். ஒல்லிக்கு மூன்று வருட ஒப்பந்தம். மழைக்கு ஒரு பூங்கொத்தும் கைகுலுக்கலும். குடைக்காரப் பெரியவர் கடைசி ஆட்டத்தன்று, கோல் விழாமலே, முடிவில் எழுந்து நின்று குடையை விரித்தார். இவர் கீழே நின்று அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் நான் எந்தத் துண்டையும் கொஞ்சம் முன்னாலிருந்தே வெட்டுகிறேன். நேரம் அதிகம் பிடிக்கிறது என்று கோச் கடிந்துகொள்வார். கடியட்டும். கல்லூரியில் எனக்குச் சொல்லித் தராத ஒன்றை ஒருவர் தலையில் இடி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அக்காவுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். விடுப்பில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் போன மாதம் அவர் வீட்டில் இறங்கினேன். இரண்டாம் பிரிவில், ரயில் பணிமனைக்குப் பக்கத்தில் மைதானம் வைத்திருக்கும் ஒரு சிறிய கிளப்புக்கு ஆடுகிறார். பாதி ஆட்டங்களில் மாற்று ஆள். இந்தப் பருவத்தில் நான்கு கோல், நான்கும் ஒரே வாரத்தில். பழைய கதையை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. ஒல்லி இப்பல்லாம் என்னைத் தேடறதில்ல" என்றார்.

தொலைக்காட்சியில் எங்கள் கிளப்பின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி சலவைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒல்லி வலது பக்கம் கிளம்பினான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், குனிந்தபடியே பந்தை நடுவே உருட்டினான். புதிதாக வந்திருக்கும் முன்வரிசைக்காரர், எதிரே யாருமில்லாமல், அதைக் கம்பத்துக்கு மேலே தூக்கி அடித்தார். அடித்துவிட்டுத் தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒல்லி விளிம்பில் தனியாக நின்றான்.

"மறைக்காதீங்க, உக்காருங்க" என்றார் மனைவி.

அவர் எழுந்து நின்றிருந்தார். தொலைக்காட்சிக்கு நேர் எதிரே, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, நிதானமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.