ஒரே பூசணிக்காயை ஏழு தடவை விற்றவன்

ஏலம் விடுகிறவனுக்கு வெட்கம் இருக்கக் கூடாது; தர்ம ஏலம் என்றால் அறவே கூடாது. நன்கொடை கேட்டுப் படியேறி, "ஐயா வெளியே போயிருக்காரு" என்று ஐயாவே சொல்லக் கேட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்குப் புரியும்.

தொண்டை

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, மெதுவாகப் பேசுவதே மறந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் திருமழிசைப் பக்கம் காது கேட்காத பிள்ளைகளுக்கு ஒரு விடுதி நடத்தினார். பதினெட்டுப் பிள்ளைகள், ஒரு ஓலைக் கொட்டகை. மழை வந்தால் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடுவார்கள்.

ஐப்பசிக்குள் சிமென்ட் ஷீட் போட்டாக வேண்டும். அதற்காக ஆவடி குவார்ட்டர்ஸ் ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு, ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து கொடுக்க, அதை ஏலம் விடுவதாக ஏற்பாடு. எனக்கு ஏலமெல்லாம் தெரியாது என்று டீச்சரிடம் சொன்னேன்.

"தெரிய வேணாம் தம்பி. உன் தொண்டை இருந்தா மைக்செட் வாடகை மிச்சம்."

கடிகாரம்

ஹாலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் பெரிய தூண். கையைத் தூக்கினால் பத்து ரூபாய் ஏறும். ஒரு சுவர்க் கடிகாரத்துக்குச் செல்வராஜ் என்ற ஃபோர்மேன் இந்தப் பக்கம் கையைத் தூக்குகிறார். அந்தப் பக்கம் அவர் மனைவி தூக்குகிறார். போட்டி யாரென்று இரண்டு பேருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகள் நனைவது ஞாபகம் வந்தது, நிறுத்தவில்லை.

கடைசியில் அந்தம்மாவே வென்றார். விஷயம் தெரிந்து ஃபோர்மேன் என்னை முறைக்க, அந்தம்மா சிரித்தார்.

"வுடுங்கண்ணே. வூட்ல அஞ்சு ரூபா கேட்டா இல்லைன்னுவாரு. பையில எவ்ளோ வெச்சிருக்காருன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

காய்

எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம். வாங்குகிறவர் பணத்தைக் கட்டிவிட்டு, "திரும்ப விடுங்க" என்று பொருளை என்னிடமே கொடுத்துவிடுவார். வைகாசியில் ஒருமுறை நல்ல பெரிய மஞ்சள் பூசணி ஒன்றை அப்படி ஆறு தடவை விற்றேன். ஏழாவதாக வாங்கியவர் காதர் பாய், கரையான்சாவடியில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். காசைக் கொடுத்தார், காயைத் தோளில் வைத்தார், போய்விட்டார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடினேன். திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஒரு மாதம் எஸ்டேட் முழுக்க இதைச் சொல்லித் திட்டித் தீர்த்தேன். அன்றைக்கு பஸ் படியில் நின்றபடி அவர் கேட்டது இதுதான்:

"இன்னா நைனா, காசு குடுத்தவன் காயைத் துன்னக் கூடாதா? வூட்ல பசங்க தால்சாவுக்குக் காத்துகினு கீதுங்க."

கடைசி ஞாயிறு

புரட்டாசி முடியப் போகிறது. பாதி ஷீட்டுக்குத்தான் பணம் சேர்ந்திருந்தது. எப்படியும் திருப்பிக் கொடுக்கிற பொருள்தானே என்று யாருக்கும் கை எழவில்லை. வெளியே தூறல். எஸ்தர் டீச்சர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அப்போது மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்து இறங்கினார் காதர் பாய். பதினோரு பூசணிக்காய். அன்றைக்குத் தூக்கிப்போன காயின் விதையைக் கடைக்குப் பின்னால் போட்டாராம். நான் ஊரெல்லாம் அவரைத் திட்டித் திரிந்தது நினைவுக்கு வர, என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வாங்கினவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்க வேண்டும். அப்படியானால் ஒரு தடவைதானே விற்க முடியும் என்று முனகினேன். ஆனால் நிஜமாகவே கிடைக்கும் என்றதும் தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைகள் எழுந்தன. அரை மணியில் பதினொன்றும் போயிற்று. சமையல்கட்டுக்கு மட்டும் ஓலையே இருக்கட்டும் என்று, கொட்டகைக்கு முழுசாக ஷீட் போட்டோம்.

ஐப்பசி முதல் மழையன்று மத்தியானம் காதர் பாயும் நானும் விடுதியைப் பார்க்கப் போனோம். ஷீட்டில் மழை தடதடவென்று அடிக்கிறது. பதினெட்டுப் பிள்ளைகளும் காய்ந்த தரையில் நீட்டிப் படுத்துத் தூங்குகிறார்கள். ஒழுகுகிறதா என்று நான் வழக்கம்போலக் கத்திக் கேட்டேன். காதர் பாய் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"மெல்லப் பேசு நைனா. பசங்க முயிச்சிக்கப் போவுது."

அப்புறமும் பத்து வருஷம் ஏலம் விட்டதில், எந்த ஒரு ஞாயிறும் நான் கத்திச் சேர்த்ததைவிட, ஒரு காயைத் தின்றுவிட்டு வந்தவர் அந்த அரை மணியில் சேர்த்ததே அதிகம்.