உடன் வருபவர்

நான் முன்கோபக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூட வாசலை அதிகம் மிதித்தவள் இல்லை. ஹோட்டல் சலவை அறையில் படுக்கை விரிப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையை அவளும் பிடித்து மடிப்போம். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. ஓரம் ஒரு விரல் கோணினால் போதும், "மறுபடி பிரிங்கக்கா" என்பாள். அதனால்தான் அந்தப் பெயர். கல்யாணம் ஆகவில்லை. அவள் அப்பா குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். நான் ஒருநாள்கூட அங்கே எட்டிப் பார்த்ததில்லை.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மலப் பரிசோதனை என்று மருத்துவமனையிலிருந்து வந்து ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள். அந்த டப்பாவை வைத்து நாங்கள் அடித்த கூத்தில் மேற்பார்வையாளர் எழுந்து வெளியே போய்விட்டார். டீச்சருக்கு மட்டும், கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருப்பதாக முடிவு வந்தது.

"மூலமாத்தான் இருக்கும்க்கா" என்றாள்.

"வேற என்னவா இருக்கப் போவுது" என்றேன் நானும். அவள் அப்பாவின் ஞாபகம் எனக்கு வரவே இல்லை.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க அவளுக்கு நாள் குறித்திருந்தார்கள். உள்ளே சின்னக் கட்டி ஏதாவது இருந்தால் அப்போதே எடுத்துவிடலாமாம். மயக்க மருந்து கொடுப்பதால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும். இதையெல்லாம் என்னிடம் சொல்லாமல், படிவத்தில் 'அக்கா' என்று எழுதி என் நம்பரைப் போட்டிருக்கிறாள்.

அன்றைக்கென்று இயந்திரம் மக்கர் செய்தது. விரிப்புகள் குவிந்து கிடந்தன, டீச்சரும் லீவு. போன் அடித்தது.

"உங்க தங்கச்சியைக் கூட்டிட்டுப் போக எத்தனை மணிக்கு வருவீங்க?"

"எனக்குத் தங்கச்சியே கிடையாது. போனை வைம்மா."

மறுநாள் டீச்சர் வேலைக்கு வந்தாள். வழக்கம்போல ஓரம் பார்த்து மடித்தாள்.

ஏழு மாதத்தில் ஆள் பாதியாகி, ஒருநாள் சலவை அறையிலேயே மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் பழைய படிவத்தை எடுத்தபோதுதான் என் நம்பரைப் பார்த்தேன். "கூட ஆள் இல்லைன்னு அன்னைக்குத் திருப்பி அனுப்பியிருக்காங்க" என்றார் டாக்டர். கட்டி இப்போது குடல் சுவரைத் தாண்டியிருந்தது.

"அன்னைக்கே பார்த்திருந்தா, டாக்டர்?"

"சீக்கிரம் பார்க்கிறது எப்பவும் நல்லதும்மா. இந்த ஏழு மாசத்துல என்ன மாறுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற இப்போது நான்தான் கூட்டிப்போகிறேன். போன தடவை, மருந்து சொட்டிக்கொண்டிருக்கும்போது, மென்று விழுங்கிக் கேட்டேன்.

"அன்னைக்கு நர்ஸ் எனக்குப் போன் பண்ணாளே... நான் என்ன சொன்னேன்னு உன்கிட்ட சொன்னாளா?"

டீச்சர் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

"அவ ஒண்ணும் சொல்லலைக்கா. போனை ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தா."