லிஃப்ட்காரர் சொன்ன ஆமா

லிஃப்ட்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது, அவரைப் பார்த்துக்கொள்ள என்னை அழைத்தார்கள். வயதானவர்களைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்து, வீடு வீடாக வேலை பார்த்து நானும் கிழவியாகிவிட்டேன். நோயாளியைத் தூக்கி என் முதுகு ஒடிந்ததில்லை. ஒடித்ததெல்லாம் வீட்டுக்காரர்கள்தான். இந்த வீடு அதிலும் ஒரு படி மேல்.

மனிதர் வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவர். லிஃப்டைத் தூக்கும் வடக்கம்பியில் ஓர் இழை பிரிந்திருந்தால்கூட லிஃப்டை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டு, "கம்பிய மாத்துங்க, அப்பதான் சாவி" என்று கட்டட முதலாளிகளோடு மல்லுக்கு நிற்பாராம். சொந்த விஷயத்தில் நேர் எதிர். சேமிப்பு மொத்தமும் அவர் பெயரில் மட்டும், ஒரே வங்கிக் கணக்கில். மனைவி பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மா. "என் பேரையும் சேத்துடுங்க, நாளைக்கு ஒண்ணுன்னா நான் எங்க போய் நிப்பேன்" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "எனக்கு இப்ப என்ன கேடு? அப்புறம் பாக்கலாம்" என்பதே பதில். ஒரு காலையில் பாதி முகம் சவரம் செய்திருந்தபோது சரிந்து விழுந்தார்.

அவர் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குப் பதிலாக இன்னொருவர் கணக்கைப் பார்க்கப் பதிவு செய்த பவர் பத்திரம் வேண்டும், மூன்றாவது வழி கிடையாது என்று வங்கி சொல்லிவிட்டது. மருத்துவர் சொன்னது வேறு கணக்கு. முதல் சில மாதங்கள் விடாமல் பயிற்சி கொடுத்தால் நடப்பார், விட்டால் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். பயிற்சியாளருக்குக் கொடுக்கத் தையல்காரம்மாவின் வருமானம் போதவில்லை. ஆகவே பத்திரம் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு சீக்கிரம் அவர் எழுந்து நிற்பார். விஷயம் இவ்வளவுதான். இதை நான் அந்த வீட்டில் தொண்டை வறளச் சொன்னேன்.

மகன் கணினிக் கடை ஒன்றில் மேலாளர். கெட்டவன் இல்லை. ஓடியாடிப் பத்திரம் எழுதி வாங்கி, பதிவாளர் வீட்டுக்கே வரவும் ஏற்பாடு செய்துவிட்டான். அதற்கு முந்தின நாள் அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"அப்பா, அவரு என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லுங்க. எங்க, சொல்லுங்க பாப்போம்."

"சாவி" என்றார் லிஃப்ட்காரர். புத்தி தெளிவாக இருந்தது. வாயில்தான் வார்த்தை இடம் மாறி வரும்.

"சாவி இல்லப்பா. ஆமா."

"ஏன் தம்பி, மனுசனை இப்படிப் போட்டு வதைக்கிற?" என்றேன்.

"நர்ஸம்மா, நீங்க சும்மா இருங்க. பதிவாளர் முன்னாடி இவரு சாவி, ஸ்க்ரூன்னு சொல்லி வெச்சா என் பொழப்பு சிரிப்பா சிரிச்சிடும்."

இரவுச் சாப்பாட்டுக்குள் 'ஆமா' பளிச்சென்று வந்துவிட்டது. மகனுக்குப் பெருமை தாங்கவில்லை.

பதிவாளர் வந்தார். பெயரைச் சொல்லி இவர்தானா என்று கேட்டார். ஆமா. இது உங்கள் வீடா? ஆமா. பத்திரம் எழுதச் சம்மதமா? ஆமா. மகன் முகத்தில் விளக்கு எரிந்தது.

"இதுக்கு உங்களை யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?"

"ஆமா" என்றார் லிஃப்ட்காரர், மற்ற மூன்றையும்விடச் சத்தமாக.

பதிவாளர் பேனாவை மூடினார். நான் இடையில் புகுந்தேன். "சார், அதை எடுத்துக்காதீங்க. நேத்துல இருந்து அவரு எதுக்கெடுத்தாலும் ஆமாதான் சொல்றாரு."

"அப்போ சம்மதம்னு சொன்ன ஆமாவும் செல்லாதேம்மா" என்றபடி அவர் எழுந்துவிட்டார். புத்தி தெளிவு என்று மருத்துவர் சான்றிதழ் வேண்டும், அதன்பிறகுதான் மறுபடி வர முடியும் என்றார்.

செருப்புச் சத்தம் படியிறங்குவதற்குள் தையல்காரம்மா மகனைப் பிடித்துக்கொண்டார். "கிளிக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரி சொல்லிக் குடுத்தியே, இப்ப சந்தோசமா?"

"நான் என்னம்மா பண்ணேன்? அந்தக் கேள்வி வரும்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

சான்றிதழுக்கு அலைந்தார்கள். பெரிய மருத்துவர் விடுப்பில், சின்ன மருத்துவருக்குக் கையெழுத்துப் போட அதிகாரமில்லை. பயிற்சியாளர் வருவது நின்றது. எனக்குத் தெரிந்தவரை காலை நீட்டி மடக்கிவிட்டேன். ஆனால் அந்த உடம்பைத் தூக்கி நிறுத்த என் கைக்குப் பலம் ஏது? முட்டி நாளுக்கு நாள் கட்டையாகிக்கொண்டு வந்தது. கண்ணால் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று.

ஒருவழியாகச் சான்றிதழ் கிடைத்து, மறுமுறை வந்த பதிவாளர் வேறு விதமாகக் கேட்டார். "வாயால சொல்ல வேணாம் ஐயா. உங்க கணக்கை யார் பாத்துக்கணும்? கையால காட்டுங்க."

லிஃப்ட்காரர் நல்ல கையைத் தூக்கித் தையல்காரம்மாவைக் காட்டினார்.

"அப்பா, நான்பா. பத்திரத்துல என் பேருதான் இருக்கு."

கை அசையவில்லை.

"அன்னைக்கு யாரோ கட்டாயப்படுத்துறாங்கன்னு சொன்னீங்களே, யாருய்யா?"

கை திரும்பி மகனைக் காட்டியது. அன்றைக்குச் சொன்னது கிளிப்பேச்சு இல்லை.

"அம்மா பேங்க்ல எங்க போய் அல்லாடுவாங்கன்னுதான் என் பேரைப் போட்டேன்" என்றான் மகன், தரையைப் பார்த்தபடி.

"அம்பது பிள்ளைங்க சீருடைக்கு அளவெடுத்துக் கணக்கு வெச்சிருக்கேன், எனக்கு பேங்க் தெரியாதா?" என்றார் தையல்காரம்மா. பிறகு அந்தக் கோபம் கட்டில் பக்கம் திரும்பியது. "உங்களைத்தான் சொல்லணும். கையில தெம்பு இருக்கறப்ப இதே விரலைக் காட்டியிருந்தா என்னவாம்?"

லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஊரையே கூட்டிப் பத்திரம் எழுதியவர்கள், யார் பெயரில் எழுதலாம் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் வாய் குழறியதால் சொல்ல எதுவும் இல்லை என்று எல்லோருமே முடிவு கட்டிவிட்டோம்.

பதிவாளர் மகன் பெயரில் இருந்த பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். புதிதாக எழுதி, மறுபடி தேதி வாங்கி, தையல்காரம்மா பெயரில் பதிவாக இன்னும் எத்தனையோ நாள் ஆயிற்று. பணம் கைக்கு வந்த அன்றே பயிற்சியாளரை வரவழைத்தார்கள். அவர் முட்டியை அழுத்திப் பார்த்தார். லிஃப்ட்காரர் வலியில் கத்தினார். பயிற்சியாளர் போர்வையை இழுத்து மூடினார்.

"சக்கர நாற்காலியில உக்கார வெச்சுடலாம்மா" என்றார். "நடக்கறதைப் பத்தி என்னைக் கேக்காதீங்க."